எடுக்க ஆயிரம் வழி, போட ஒரு வழி இல்லை!

கிளையே இல்லாமல் ஐந்தே நிமிடத்தில் கணக்குத் திறந்து தருகின்றன ஆன்லைன் வங்கிகள். கையில் இருக்கும் ரொக்கத்தை அந்தக் கணக்கில் எங்கே போடுவது என்று கேட்டால்தான் மௌனம். அந்த மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

“அண்ணே, கேஷ் தர்றேன்… ஜிபே பண்ணிவிடுறீங்களா?” மருந்துக் கடை, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கே நின்றாலும் இன்று காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் கடன் கேட்கவில்லை, சில்லறையும் கேட்கவில்லை. தன் பணத்தைத் தன் கணக்கில் சேர்க்கச் சொல்லி, அந்தக் கணக்கோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவரிடம் தயவு கேட்கிறார். தெரிந்த கடைக்காரர் என்றால் சும்மா அனுப்பிவிடுவார். தெரியாத இடத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது என்று கமிஷன் பேசப்படும். ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றித் தருபவர் பிடித்துக்கொண்ட கழிவுக்கு அந்தக் காலத்தில் ‘வட்டம்’ என்று பெயர். நாடு முழுக்க ஒரே ரூபாய் என்றான பிறகு ஒழிந்துபோன அந்த வட்டம், கையில் இருக்கும் ரூபாய்க்கும் செல்போனில் தெரியும் ரூபாய்க்கும் நடுவில் சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

ரொக்கத்தை வாங்கி, எண்ணி, கள்ள நோட்டு பார்த்து, பெட்டியில் பூட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆன்லைன் வங்கி அந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால், அதனால் அந்தச் செலவு ஒழிந்துவிடவில்லை; கூலியையும் வியாபாரப் பணத்தையும் ரொக்கமாக வாங்குகிறவரின் தலையில் இறங்கியிருக்கிறது. மாதச் சம்பளம் நேராகக் கணக்கில் விழுபவருக்கு இந்தச் சிக்கல் இருப்பதே தெரியாது. எனவே, பணம் எடுப்பதை எப்படி எல்லா வங்கிகளுக்கும் பொதுவான வசதியாக்கினோமோ, அப்படியே பணம் போடுவதையும் ஆக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

கிளை இல்லாத வங்கிக்குப் பின்னால் ஒரு கிளை

இந்தியாவில் ‘ஆன்லைன் வங்கி’ என்று நாம் சொல்வது இரண்டு வகை. முதல் வகை, உரிமம் பெற்ற ஒரு வங்கியே செல்போனுக்கென்று தனியாக நடத்தும் கணக்கு. சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி 2016 ஏப்ரலில் ‘டிஜிபேங்க்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கோட்டக் மஹிந்திரா வங்கி 2017 மார்ச்சில் ‘811’ கணக்கைத் தொடங்கியது. பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்ட நவம்பர் 8-ம் தேதியைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. இரண்டாவது வகை, ஒரு தொழில்நுட்ப நிறுவனம் நடத்தும் செயலி. செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும். பணம் உண்மையில் இருக்கும் வங்கியின் பெயர் வேறாக இருக்கும். கிளையே இல்லாத முழு வங்கிக்குத் தனி உரிமம் தரலாம் என்று நிதி ஆயோக் 2022-ல் யோசனை சொன்னது. ரிசர்வ் வங்கியோ, இருக்கும் வங்கிகளே ‘டிஜிட்டல் வங்கிப் பிரிவு’களைத் திறக்கட்டும் என்ற வழியில் போனது. அந்த ஆண்டு அக்டோபர் 16-ல் நாடு முழுவதும் 75 பிரிவுகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அவற்றிலும் ரொக்கத்தை மெஷின் வழியாகத்தான் போட முடியும். கவுன்ட்டரில் வாங்கக் கூடாது என்பது விதி.

ஆக, ரொக்கம் போட வேண்டுமானால் பின்னால் இருக்கும் தாய் வங்கியின் கிளையையோ மெஷினையோ தேடிப் போக வேண்டும். சென்னை அண்ணா சாலையில் வேலை பார்ப்பவருக்கு அது நான்கு கட்டடம் தள்ளி இருக்கலாம். பென்னாகரத்திலோ திருவாடானையிலோ இருப்பவருக்கு, அந்த வங்கியின் பக்கத்துக் கிளை மாவட்டத் தலைநகரில் இருந்தால், பஸ் கட்டணமும் அரை நாள் கூலியும் சேர்ந்ததுதான் டெபாசிட் கட்டணம். அது எந்தக் கட்டண அட்டவணையிலும் அச்சாவதில்லை. கணக்குத் திறக்கும்போது ஆதார், பான், வீடியோ சரிபார்ப்பு எல்லாம் விரல் நுனியில் முடிந்துவிடுகிறது. ‘உங்கள் ஊரில் பணம் போட இந்த இடம்’ என்ற ஒரு வரிதான் கண்ணில் படும்படி இருப்பதில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. செல்போனே வங்கி என்று 2016-ல் டிஜிபேங்க்கைக் கொண்டுவந்த டிபிஎஸ்ஸோடு, 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி இணைக்கப்பட்டது. கரூர் வணிகர்கள் 1926-ல் தொடங்கிய வங்கி அது. நொடித்துப்போன வங்கியின் டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி எடுத்த முடிவு என்பதால், ரொக்கம் வாங்கும் கவுன்ட்டருக்காகத்தான் இணைப்பு நடந்தது என்று சொன்னால் தவறாகிவிடும். ஆனாலும் விளைவைக் கவனிக்க வேண்டும். சில டஜன் கிளைகளோடு இருந்த டிபிஎஸ் இந்தியாவுக்கு ஒரே நாளில் 560-க்கும் மேற்பட்ட கிளைகள் கிடைத்தன. செயலியால் எட்ட முடியாத ஊர்களையும் வியாபாரிகளையும் எட்டும் வழியாக அந்தப் பழைய கவுன்ட்டர்கள் நின்றன.

ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு

பணம் எடுக்கும் பக்கத்தைப் பாருங்கள். 2009 ஏப்ரல் 1 முதல் எந்த வங்கியின் கார்டைக் கொண்டும் எந்த வங்கியின் ஏடிஎம்மிலும் கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம் என்றது ரிசர்வ் வங்கி. பிறகு எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. பெருநகரங்களில் மாதம் மூன்று முறையும் மற்ற ஊர்களில் ஐந்து முறையும் அடுத்த வங்கி ஏடிஎம்மில் இலவசம். இதற்கு ஆகும் செலவு காற்றில் கரைந்துவிடவில்லை. நம் வங்கி, ஏடிஎம் வைத்திருக்கும் வங்கிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கொடுக்கிறது. 2025 மே 1 முதல் பணம் எடுப்பதற்கு அந்தத் தொகை 19 ரூபாய். வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் இந்தக் கணக்கு வாடிக்கையாளரின் கண்ணில் படுவதே இல்லை. தனக்கென ஒரு ஏடிஎம்கூட வைத்திராத செயலியின் கார்டும் நாட்டின் எல்லா ஏடிஎம்மிலும் வேலை செய்வது இதனால்தான்.

பணம் போடும் பக்கத்தில் இதற்கு இணையான ஏற்பாடு வர 2024 ஆகஸ்ட் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் மும்பையில் யுபிஐ வழி பொது டெபாசிட் வசதி தொடங்கப்பட்டது. கார்டு தேவையில்லை, யுபிஐயோடு இணைந்த செல்போன் எண்ணையோ யுபிஐ முகவரியையோ கொடுத்து, வேறு வங்கியின் மெஷினிலேயே நம் கணக்கில் பணம் போடலாம். அதற்கு முன்பு கார்டு வழியாகச் சில வங்கிகளுக்கிடையே மட்டும் இது நடந்துகொண்டிருந்தது. எடுக்கும் கதவுக்கும் போடும் கதவுக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுகள். கிராமத்து வங்கி முகவரிடமும் இதே கோணல்தான். விரல்ரேகை வைத்து எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் எடுப்பது பழகிப்போன காரியம். எந்த வங்கிக் கணக்கிலும் பணம் போடுவது அதே அளவு பரவவில்லை.

யுபிஐ டெபாசிட் வந்துவிட்டதே, பிரச்னை தீர்ந்ததே என்று கேட்கலாம். வழி சரிதான், சந்தேகமில்லை. ஆனால், வங்கி தன் மெஷினை அதற்கேற்ப மாற்றினால்தான் அந்தத் திரை வரும். அடுத்த வங்கியின் வாடிக்கையாளர் கொண்டுவரும் கட்டுகளால் தன் மெஷின் நிரம்பி வழிவதில் எந்த வங்கிக்கும் தானாக ஆர்வம் பிறக்காது. ‘செய்யலாம்’ என்ற அனுமதி மட்டும் போதாது. ‘செய்தே ஆக வேண்டும், இவ்வளவு தொகை கிடைக்கும்’ என்ற விதியும் கணக்கும் சேர்ந்தால்தான் நடக்கும். ஏடிஎம் விஷயத்தில் நடந்தது அதுதான்.

மெஷின் வாங்காத பணம்

மெஷின் முன்னால் நிற்பவரின் கையில் இருக்கும் பணத்தையும் பார்க்க வேண்டும். டெபாசிட் மெஷின்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது நூறு, இருநூறு, ஐநூறு ரூபாய் நோட்டுகளை. ஒரு தடவைக்கு இருநூறு நோட்டுதான் என்பது போன்ற வரம்பும் உண்டு. பூ விற்பவரின் கல்லாவைத் திறந்தால் பத்தும் இருபதும்தான் அதிகம். வியர்வையில் நனைந்தது, நான்காக மடித்தது, செலோடேப் ஒட்டியது, மூலை மடங்கியது என்று எல்லாவற்றையும் மெஷின் ‘ரிஜெக்ட்’ செய்து தட்டில் துப்பும். ஒவ்வொன்றாக எடுத்து, தொடையில் வைத்து நீவி, திரும்பச் செருக வேண்டும். பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவார். மூன்றாவது தடவையும் திரும்பி வரும் நோட்டு பையில்தான் போகும். நாணயத்துக்கு அங்கே வாயே இல்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி, ரிசர்வ் வங்கி எத்தனை முறை மறுத்தும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்னும் ஓயவில்லை. கடைகள் வாங்க மறுக்கும் நாணயத்தைக் கடைசியில் கொடுத்துத் தீர்க்கும் இடம் வங்கிக் கிளையின் கவுன்ட்டர்தான். கிளையே இல்லாத வங்கியில் அந்தக் கடைசி இடமும் இல்லை.

நேரமும் ஒத்துவருவதில்லை. பகலெல்லாம் வியாபாரம் செய்பவர் கல்லாவை எண்ணுவது இரவு ஒன்பதுக்கு மேல். சில தனியார் வங்கிகள் சாயங்காலத்துக்கு மேலும் விடுமுறை நாட்களிலும் மெஷினில் போடும் பணத்துக்கு, மாதத்தில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. எண்ணுவது மெஷின், ஊழியர் யாரும் கிடையாது. இருந்தாலும் ராத்திரிக்குத் தனி விலை!

கமிஷனைவிடப் பெரிய விலை

உணவு டெலிவரி செய்யும் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை முழுக்க செயலி வழியேதான். கணக்கும் செல்போனிலேயே திறந்ததாக இருக்கலாம். ஆனால், ‘கேஷ் ஆன் டெலிவரி’ ஆர்டர்களால் சாயங்காலத்துக்குள் அவர் பாக்கெட்டில் ஆயிரக்கணக்கில் ரொக்கம் சேர்ந்துவிடும். கையிருப்பு நிறுவனம் வைத்த வரம்பைத் தாண்டினால், கட்டும்வரை ரொக்க ஆர்டர் வராது. சில நேரம் அந்த ரொக்கமே அவருடைய சம்பளத்தில் கழிக்கப்படும். அதாவது, அவர் கூலி நோட்டாகக் கையில் இருக்கிறது. வண்டிக் கடனுக்கான தவணை மறுநாள் காலை கணக்கிலிருந்து பிடிக்கப்படும். கையில் பணம் இருந்தும் கணக்கில் இல்லாததால் தவணை திரும்பினால் அபராதம், கடன் மதிப்பெண்ணில் கறுப்புப் புள்ளி. அவர் ஏழை என்பதால் வந்த வினை இல்லை இது. பணம் தப்பான வடிவத்தில் இருந்ததால் வந்தது.

அந்த அவசரத்தில்தான் “கேஷ் தர்றேன், ஜிபே பண்ணுங்க” என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்க நேர்கிறது. இதில் கமிஷனைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. சைபர் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அவற்றில் முடக்கம் விழும். மோசடிக்காரருக்குத் தேவை, திருடிய டிஜிட்டல் பணத்தைத் தடயமில்லாத ரொக்கமாக மாற்றுவது. நம் ஆளுக்குத் தேவை, ரொக்கத்தை டிஜிட்டல் பணமாக மாற்றுவது. இருவரும் ஒரே டீக்கடையில் சந்தித்துக்கொண்டால், நோட்டைக் கொடுத்துவிட்டு முடங்கிய கணக்கோடு வேறு மாநிலப் போலீசுக்கு விளக்கம் எழுதுபவர் நியாயமாகச் சம்பாதித்தவர்தான். முறையான வழி அடைபட்டிருக்கும் இடத்தில் முறையற்ற வழி தழைப்பது புதிதல்ல. மோசடிக்காரருக்குக் கிடைக்கும் ரொக்கம் இப்படி நல்லவர் கையிலிருந்தே போகிறது என்பதுதான் வேதனை.

“ரொக்கம் ஒழியட்டுமே!”

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் சத்தும் உண்டு. யுபிஐ இவ்வளவு பரவிய பிறகு ரொக்கத்துக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும், அது தானே தேய்ந்துவிடும் என்பது முதல் வாதம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. பணமதிப்பு நீக்கத்துக்கு முன் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்க நோட்டின் மதிப்பு, 2025 மார்ச் முடிவில் சுமார் 37 லட்சம் கோடி. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. எனவே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

கிளை இல்லை என்று தெரிந்துதானே கணக்குத் திறந்தார், வேண்டுமானால் பக்கத்து அரசு வங்கியில் இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளட்டும் என்பது இரண்டாவது வாதம். நடைமுறையில் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். அங்கே போட்டு, இங்கே மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால், இதன் பொருளைக் கவனியுங்கள். கிளை நடத்தும் செலவை அரசு வங்கி சுமக்கிறது. சேர்ந்த பணத்தை ஆன்லைன் வங்கி அள்ளிக்கொள்கிறது. கிளை இல்லாததால் மிச்சமான பணத்தில்தான் கூடுதல் வட்டியும் கேஷ்பேக்கும் தர முடிகிறது என்றால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அடுத்தவர் கவுன்ட்டரின் வாடகை. அதை முறைப்படி கட்டணமாகக் கொடுக்கச் சொல்வதில் அநியாயம் ஏதுமில்லை.

மூன்றாவது, கறுப்புப் பண வாதம். ரொக்க டெபாசிட்டை எளிதாக்கினால் கணக்கில் காட்டாத பணம் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். காவல் ஏற்கெனவே இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கம் போட்டால் பான் எண் வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். சொல்லப்போனால், வங்கிக்குள் வந்த பணம்தான் அரசின் கண்ணில் படும் பணம். வெளியே நிற்பதுதான் இருட்டில் இருப்பது. பணமதிப்பு நீக்கத்தில் மதிப்பிழந்த நோட்டுகளில் 99 சதவிகிதத்துக்கும் மேல் வங்கிக்குத் திரும்பி வந்ததை நாடே பார்த்தது. பெரிய கை எப்படியும் வழி கண்டுபிடித்துவிடும் என்பதுதான் அதன் பாடம். தினம் இரண்டாயிரம் ரூபாய் போடும் காய்கறிக்காரரைத் தடுத்து எந்தக் கறுப்புப் பணமும் பிடிபடப்போவதில்லை.

நான்காவதுதான் கனமான வாதம்: செலவு. ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ கள்ள நோட்டு வந்தால் வங்கி போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வைக்க வேண்டும். நான்கு வரை என்றால் மாதாந்திர அறிக்கை. இதோடு நோட்டைப் பிரிக்கும் மெஷின், காவலோடு போகும் வேன், காப்பீடு என்று பட்டியல் நீளம். ரொக்கம் இலவசமில்லை, ஒப்புக்கொள்வோம். கேள்வி, அதை யார் கட்டுவது என்பது. வங்கிப் பணத்தின் மீதான நம்பிக்கை ஒரே ஒரு உறுதியில் நிற்கிறது: கணக்கில் உள்ள ஆயிரமும் நோட்டாக உள்ள ஆயிரமும் ஒரே ஆயிரம். எடுக்கும்போது அது உண்மையாகவும், போடும்போது 990 ஆகவும் இருந்தால் அந்த உறுதியில் விரிசல் விழுகிறது. அதைச் சரியாக வைத்திருப்பது வங்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கடமை. செலவும் பொதுவில்தான் பிரிய வேண்டும்.

வழி இருக்கிறது

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. பிரிட்டனில் கிளையே இல்லாத மோன்சோ வங்கியின் வாடிக்கையாளர், ‘பேபாயின்ட்’ கருவி உள்ள தெருமுனைக் கடையில் ரொக்கத்தைக் கொடுக்கிறார். ஒரு தடவைக்கு ஒரு பவுண்டு கட்டணம். ஆறு மாதத்துக்கு ஆயிரம் பவுண்டுதான் வரம்பு. லண்டனில் இத்தகைய சின்னக் கடைகள் பலவற்றை நடத்துபவர்கள் ஈழத்தமிழர்கள். கிளையில்லா வங்கிக்கு இப்படி யாரோ ஒருவரின் கல்லாப்பெட்டி கிளையாகிவிடுகிறது. கிளைகள் மளமளவென்று மூடப்பட்டபோது அந்த நாடு 2023-ல் ஒரு சட்டம் செய்தது. ரொக்கம் எடுக்க மட்டுமல்ல, போடவும் மக்களுக்குப் பக்கத்தில் வசதி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2024 செப்டம்பரில் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. எடுப்பதும் போடுவதும் ஒரே உரிமையின் இரண்டு கைகள் என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நம் விதிகளிலும் அதன் விதை இருக்கிறது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் கிளையிலோ மெஷினிலோ ரொக்கம் போடக் கட்டணமும் கூடாது, எண்ணிக்கை வரம்பும் கூடாது என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கிளைக்கு வரச் சொல்லாமலே ரொக்கம் வாங்கத் தெரிந்த வங்கியும் நம்மிடம் உண்டு. 2018 செப்டம்பர் 1-ல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களின் துணை இருக்கிறது; தபால்காரரே வீட்டு வாசலில் பணம் வாங்கிக் கணக்கில் ஏற்றுகிறார். அதில் இருப்பு இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு ஒரு குறைதான். ஆனால், பத்து ரூபாய் நோட்டையும் மனிதர் கையால் எண்ணி வாங்கும் கட்டமைப்பு நாட்டில் ஏற்கெனவே நிற்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. எடுப்பதற்குத் தந்த அதே மூன்று, அதே ஐந்து இலவச வாய்ப்புகளை, எந்த வங்கி மெஷினிலும் போடுவதற்கும் தர வேண்டும். வாடிக்கையாளரின் வங்கி, மெஷின் வைத்திருக்கும் வங்கிக்கு அதற்கான தொகையைத் தர வேண்டும். அஞ்சலகமும் வங்கி முகவரும் எந்த வங்கிக் கணக்குக்கும், சின்ன நோட்டும் நாணயமும் உட்பட, ரொக்கம் வாங்க ஏற்பாடு வேண்டும். அந்தக் கூலியும் வங்கியின் பொறுப்பு. செயலியில் கணக்குத் திறக்கும் முதல் திரையிலேயே, ‘உங்கள் பின்கோட்டில் ரொக்கம் போடும் இடம் இது, கட்டணம் இவ்வளவு’ என்று தமிழில் காட்ட வேண்டும். இடமே இல்லையென்றால், இல்லை என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

1949-ம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், வங்கித் தொழில் என்றால் என்ன என்று விளக்குகிறது. கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ பொதுமக்களிடமிருந்து பணத்தை டெபாசிட்டாக ஏற்றுக்கொள்வது. கேட்கும்போதோ வேறு விதமாகவோ திருப்பித் தருவது. விளக்கம் தொடங்குவதே ‘ஏற்றுக்கொள்வது’ என்பதில்தான். அந்தப் பணம் நோட்டாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று ஆன்லைன் வங்கிகள் வாதிடலாம், அது சரியும்கூட. ஆனால், ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்குள் சம்பளம் கணக்கில் விழுபவர் மட்டுமில்லை. இருபது ரூபாய் நோட்டுகளை நீவி நீவி அடுக்குபவரும் இருக்கிறார். அவருக்கும் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி, அவர் பணத்தை வாங்கிக்கொள்ளவும் ஒரு இடத்தைக் காட்டியே ஆக வேண்டும்.